திரையில் பிழை, லாகில் காரணம்

 

மாதாமாதம் சந்தா கட்ட வேண்டாம், கணக்கு நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸை ஏற்றுகிறார். லெட்ஜர்எஸ்எம்பி என்ற ஓப்பன் சோர்ஸ் கணக்கு மென்பொருளை நிறுவுகிறார். எல்லாம் முடிந்தது என்று திரை சொல்கிறது. பிரவுசரைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் அனுமதி இல்லை என்று நிற்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், அவரே வைத்ததுதான். திரும்பத் திரும்ப அடித்தாலும் அதே பதில்.

இந்த இடத்தில்தான் பலர் மென்பொருளை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே திரை, அதே பதில். கோளாறு பெரும்பாலும் கணக்கு மென்பொருளில் இருப்பதில்லை. அதற்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கும் வாசலில் இருக்கிறது. அந்த வாசல் வேண்டுமென்றேதான் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவும்போது உங்களைத் தடுக்கிற அதே விதிதான் நாளைக்கு உங்கள் கணக்கை வேறொருவர் திறக்காமல் காக்கப்போகிறது. அதனால் அதை உடைக்கும் வழியைத் தேட வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

யாரிடம் யார் பேசுகிறார்கள்

இதில் மூன்று தரப்பு உண்டு. முதலாவது உங்கள் பிரவுசர். அது பேசுவது லெட்ஜர்எஸ்எம்பியிடம். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல் வழக்கமாக 5762 என்ற போர்ட்டில் காத்திருக்கும். லெட்ஜர்எஸ்எம்பி பேசுவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரிடம். அதன் வழக்கமான போர்ட் 5432. இந்த டேட்டாபேஸின் வேர் 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்றே சொல்லலாம்.

லெட்ஜர்எஸ்எம்பி 2006-இல் எஸ்க்யூஎல்-லெட்ஜர் என்ற இன்னொரு கணக்கு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பிரிவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பாதுகாப்பு. பழைய நிரலில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளும் அவை கையாளப்பட்ட விதமும் சிலருக்குத் திருப்தி தரவில்லை. பிறகு, 1.3 பதிப்பிலிருந்து, உள்ளே வருகிறவர் யார் என்று சரிபார்க்கிற வேலையையே டேட்டாபேஸிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இந்த ஒரு முடிவைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பல மென்பொருள்கள் பயனர் பட்டியலையும் பாஸ்வேர்டையும் தங்களுக்குள் ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளும். டேட்டாபேஸுக்குள் போவது எப்போதும் ஒரே ஒரு பொதுப் பெயரில் இருக்கும். லெட்ஜர்எஸ்எம்பி அப்படி இல்லை. மாலதி என்ற பயனர் உள்ளே வர வேண்டுமென்றால், போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே மாலதி என்ற பெயரில் ஒரு ரோல், அதாவது டேட்டாபேஸ் பயனர் கணக்கு, இருக்க வேண்டும். அவர் கொடுக்கும் பாஸ்வேர்டை லெட்ஜர்எஸ்எம்பி அப்படியே போஸ்ட்கிரெஸிடம் கொடுத்து, கதவு திறக்கிறதா என்று பார்க்கும். லாகின் பக்கத்தில் கேட்கிற கம்பெனி பெயர் என்பது டேட்டாபேஸின் பெயர். இரண்டு கம்பெனி வைத்திருந்தால் இரண்டு டேட்டாபேஸ்.

ஒரே பெயரில் இரண்டு ஆள்

அதிகமாகக் குழப்புகிற இடம் இது. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸை நிறுவியதும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பெயரில் இரண்டு ஆட்கள் பிறக்கிறார்கள். ஒன்று லினக்ஸ் கணக்கு. மற்றது டேட்டாபேஸுக்குள் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் ரோல். பெயர் ஒன்று, ஆள் வேறு. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சூப்பர்யூசர் ரோலுக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டே கிடையாது. அதே பெயருள்ள லினக்ஸ் கணக்கிலிருந்து, அதே இயந்திரத்துக்குள் வந்தால் மட்டும் உள்ளே விடும்.

லெட்ஜர்எஸ்எம்பியிலோ இரண்டு நுழைவுப் பக்கங்கள். ஒன்று செட்டப் பக்கம். கம்பெனியை உருவாக்குவது, பதிப்பை உயர்த்துவது, பேக்கப் எடுப்பது எல்லாம் அங்கே. அதற்கு டேட்டாபேஸ் நிர்வாகியின் பெயர் வேண்டும். மற்றது லாகின் பக்கம். தினசரிக் கணக்கு எழுதுகிறவர் போவது அங்கே. செட்டப் பக்கத்தில் கணக்கு எழுதுகிறவரின் பெயரைக் கொடுத்தாலும், லாகின் பக்கத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியின் பெயரைக் கொடுத்தாலும் வேலை நடக்காது. செட்டப் பக்கத்தில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று கொடுத்தால், இல்லாத பாஸ்வேர்டை எப்படி அடித்தாலும் திறக்காது.

நல்ல வழி, கம்பெனிகளை உருவாக்குவதற்கென்றே தனியாக ஒரு ரோல் வைப்பது. அதற்கு மூன்று உரிமைகள் போதும்: லாகின் செய்யலாம், டேட்டாபேஸ் உருவாக்கலாம், ரோல் உருவாக்கலாம். சூப்பர்யூசர் அதிகாரம் தேவையில்லை. உருவாக்கும்போதே பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள். பெயரை முழுக்கச் சிறிய ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். எஸ்க்யூஎல் கட்டளையில் மேற்கோள் குறி இல்லாமல் பெரிய எழுத்துப் போட்டால், போஸ்ட்கிரெஸ் அதைச் சிறிய எழுத்தாக மாற்றித்தான் பதிவு செய்யும். உள்ளே நுழையும்போது அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் அடித்த முதல் பெரிய எழுத்து அப்படியே போகும், அப்படி ஒரு ஆளே இல்லாததால் கதவு திறக்காது.

பிழைச் செய்தி எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று சொல்கிறது

பிழைச் செய்தியைப் பார்த்ததும் பதற்றப்படுகிறோம். அதில் நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்று அது சொல்கிறது. லெட்ஜர்எஸ்எம்பி காட்டுகிற சுருக்கமான பதிலை விட்டுவிட்டு, டெர்மினலைத் திறந்து, போஸ்ட்கிரெஸோடு வருகிற பிஎஸ்க்யூஎல் நிரலால் அதே முகவரி, அதே போர்ட், அதே பெயர், அதே டேட்டாபேஸ் கொடுத்து இணைத்துப் பாருங்கள். பிஎஸ்க்யூஎல்லில் உள்ளே போக முடிந்து லெட்ஜர்எஸ்எம்பியில் முடியவில்லை என்றால், லெட்ஜர்எஸ்எம்பியின் கான்ஃபிகரேஷன் ஃபைலில் டேட்டாபேஸின் முகவரியோ போர்ட்டோ தவறாக இருக்கும். பிஎஸ்க்யூஎல்லிலேயே முடியவில்லை என்றால் லெட்ஜர்எஸ்எம்பியைத் தொடவே வேண்டாம், அதில் தவறில்லை. இந்த ஒரு சோதனை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இனிச் செய்திகளை, வெளியிலிருந்து உள்ளே வருகிற வரிசையில் பார்ப்போம்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், அந்த முகவரியில் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. பாஸ்வேர்டைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். உபுண்டு, டெபியன் இயந்திரங்களில் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கட்டளை எந்தெந்தப் பதிப்பு, எந்தெந்தப் போர்ட்டில் ஓடுகிறது என்று ஒரு சிறு பட்டியல் தரும். அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கலாம். பழைய பதிப்பு இருக்கும்போதே புதிய பதிப்பை நிறுவியிருந்தால், 5432 பழையதிடமே இருக்கும், புதியது 5433-க்குப் போய்விடும். நீங்கள் ரோல் உருவாக்கியது ஒன்றில், லெட்ஜர்எஸ்எம்பி தட்டுவது இன்னொன்றில். டேட்டாபேஸ் வேறு இயந்திரத்தில் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. முகவரி தவறு, அல்லது நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது. டேட்டாபேஸ் வேறு இயந்திரத்தில் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘நோ பிஜி எச்பிஏ என்ட்ரி’ என்று வந்தால், சர்வரை அடைந்துவிட்டீர்கள். ஆனால் யாரை உள்ளே விடலாம் என்று சர்வர் வைத்திருக்கும் விதிப் பட்டியலில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பெயரில், எந்த டேட்டாபேஸுக்கு வந்தீர்கள் என்பதை அந்தச் செய்தியே சொல்லிவிடும். முழுதாகப் படியுங்கள்.

‘பியர் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றால் விதி இருக்கிறது, ஆனால் அந்த விதி பாஸ்வேர்ட் கேட்கவில்லை. உங்கள் லினக்ஸ் கணக்கின் பெயரைப் பார்க்கிறது. பாஸ்வேர்ட் சரியா தவறா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றால் விதி சரி, பாஸ்வேர்டில் ஏதோ சிக்கல். இதற்குள் நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

‘டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். அடையாளம் சரிபார்க்கப்பட்டுவிட்டது, கம்பெனி பெயரைத்தான் தவறாக அடித்திருக்கிறீர்கள். கடைசியாக ‘பெர்மிஷன் டினைட்’. உள்ளேயே வந்துவிட்டீர்கள், குறிப்பிட்ட ஓர் அட்டவணையைத் தொட உங்களுக்கு உரிமை தரப்படவில்லை.

ஒரு மாற்றம் செய்த பிறகு செய்தி மாறினால் அது முன்னேற்றம். முன்பைவிட ஒரு படி உள்ளே வந்திருக்கிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எது சரி செய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

விதிப் பட்டியலை ஒரு முறை கூர்ந்து பார்ப்போம்

பிஜி_எச்பிஏ என்ற ஃபைல்தான் அந்த விதிப் பட்டியல். அது எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம், ‘ஷோ எச்பிஏ_ஃபைல்’ என்று போஸ்ட்கிரெஸிடமே கேட்டால் முழுப் பாதையும் சொல்லும். ஒரு வரியில் பொதுவாக ஐந்து விஷயங்கள்: எந்த வழியாக வருகிறார், எந்த டேட்டாபேஸுக்கு, எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எப்படிச் சோதிக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பட்டியல் வைத்துக்கொண்டு நிற்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மேலிருந்து கீழே படிப்பார். உங்களுக்குப் பொருந்துகிற முதல் வரி வந்ததும் நின்றுவிடுவார். அந்த வரி சொல்கிற சோதனையில் நீங்கள் தேறவில்லையென்றால், கீழே வேறு வரி இருக்கிறதே என்று பார்க்க மாட்டார். திருப்பி அனுப்பிவிடுவார். போஸ்ட்கிரெஸ் அப்படித்தான். ஃபைலின் அடியில் ஒரு புதிய வரியைச் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுவே. மேலே இருக்கிற ஒரு பொதுவான வரி ஏற்கெனவே அவர்களைப் பிடித்துவிட்டது.

வரியின் முதல் சொல் ‘லோக்கல்’ என்று இருந்தால் அது யூனிக்ஸ் சாக்கெட் வழி, அதாவது ஒரே இயந்திரத்துக்குள் நெட்வொர்க்கைத் தொடாமல் வருகிற வழி. ‘ஹோஸ்ட்’ என்று இருந்தால் நெட்வொர்க் வழி. இணைக்கும்போது முகவரியைக் காலியாக விட்டால் பிஎஸ்க்யூஎல் சாக்கெட் வழியாகப் போகும், ‘லோக்கல்’ வரி பொருந்தும். உபுண்டுவில் அந்த வரி இயல்பாக ‘பியர்’ என்று இருக்கும். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் நெட்வொர்க் வழி, ‘ஹோஸ்ட்’ வரி பொருந்தும், பாஸ்வேர்ட் கேட்கும். லோக்கல், லோக்கல்ஹோஸ்ட் என்று பெயர்கள் ஒட்டி இருந்தாலும் வழி வேறு.

இன்னும் ஒரு நுணுக்கம். லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 ஆகவும் இருக்கலாம், ஐபிவி6 முகவரியான ::1 ஆகவும் இருக்கலாம். பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி வரி உண்டு. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு இன்னொன்றை மறந்தால், ஒரு நிரலிலிருந்து வேலை செய்யும், இன்னொன்றிலிருந்து செய்யாது. சந்தேகம் வந்தால் 127.0.0.1 என்று எண்ணிலேயே எழுதுங்கள்.

ஃபைலைத் திருத்திச் சேமித்ததோடு முடியவில்லை. போஸ்ட்கிரெஸை ‘ரீலோட்’ செய்ய வேண்டும். முழுதாக நிறுத்தி ஓட்டத் தேவையில்லை. திருத்தியதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற உள் அட்டவணையைப் படியுங்கள். எந்த வரியில் என்ன தவறு என்று அதிலேயே இருக்கும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ‘டிரஸ்ட்’ என்று போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சரியாகத்தான் ஆகும். டிரஸ்ட் என்றால் யார் என்ன பெயர் சொன்னாலும் சோதிக்காமல் உள்ளே விடு என்று பொருள். லெட்ஜர்எஸ்எம்பி பாஸ்வேர்டைத் தானாகச் சரிபார்ப்பதில்லை, போஸ்ட்கிரெஸை நம்பியே இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? அப்படியென்றால் லெட்ஜர்எஸ்எம்பியின் அழைப்பு போகிற வரியில் டிரஸ்ட் வைத்த நிமிடத்திலிருந்து, மாலதியின் பெயர் தெரிந்த எவரும், எந்தப் பாஸ்வேர்டை அடித்தாலும், மாலதியாகவே உள்ளே வந்து பில் போடலாம், ரசீது எழுதலாம். கணக்கில் யார் என்ன எழுதினார் என்ற பதிவே பொருளற்றதாகிவிடும். சோதனைக்கு என்று வைத்த டிரஸ்ட் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் ஆபத்து பெரியது. வைக்கவே வேண்டாம்.

ஒரே செய்திக்குள் நான்கு காரணங்கள்

பாஸ்வேர்ட் தவறு என்ற செய்திக்கு இப்போது வருவோம். அப்படி ஒரு ரோலே இல்லாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் வெளியே சொல்வது ‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றுதான். இந்தப் பெயரில் ஆள் இல்லை என்று சொன்னால், வெளியிலிருந்து தட்டுகிறவர் ஒவ்வொரு பெயராக முயன்று யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் உண்மைக் காரணத்தை வெளியே சொல்லாமல், தன் லாகில் மட்டும் எழுதிவைக்கும்.

உபுண்டுவில் அந்த லாக், வார் என்ற ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஒரு ஜன்னலில் லாக் ஃபைலின் கடைசி வரிகள் ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்னொரு ஜன்னலில் லாகின் முயற்சி செய்யுங்கள். ‘ஃபேட்டல்’ என்ற சொல் உள்ள வரி நீங்கள் திரையில் பார்த்ததேதான். அதற்கு அடுத்து ‘டீட்டெயில்’ என்று ஒரு வரி வரும். தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

‘ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று அங்கே இருந்தால், அந்தப் பெயரில் ஆள் இல்லை. எழுத்துப் பிழை, பெரிய எழுத்து, அல்லது வேறு போர்ட்டில் இருக்கும் வேறு சர்வர்.

‘எக்ஸ்பயர்டு பாஸ்வேர்ட்’ என்று இருந்தால் காலம் முடிந்துவிட்டது. லெட்ஜர்எஸ்எம்பியில் செட்டப் பக்கத்தில் புதிய பயனருக்கு வைக்கிற பாஸ்வேர்ட் தற்காலிகமானது. ஒரு நாளுக்குள் அவர் உள்ளே வந்து தனக்கென்று புதிய பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை எல்லாம் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் திறக்காது. எல்லாமே சரியாக இருந்தும் கதவு மூடியிருப்பதற்கு இதுதான் காரணம் என்று பலர் ஊகிப்பதில்லை. செட்டப் பக்கத்துக்குப் போய் மறுபடி பாஸ்வேர்ட் வைத்தால் போதும்.

‘வேலிட் ஸ்க்ராம் சீக்ரெட்’ இல்லை என்று இருந்தால் அது பதிப்பு மாற்றத்தின் விளைவு. போஸ்ட்கிரெஸ் முன்பு பாஸ்வேர்டுகளை எம்டி5 முறையில் சுருக்கி வைத்தது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஸ்க்ராம் என்ற வலுவான முறை வந்தது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. பழைய சர்வரிலிருந்து கொண்டுவந்த ரோல்களின் பாஸ்வேர்ட் எம்டி5-ஆக இருக்க, விதிப் பட்டியல் ஸ்க்ராம் கேட்டால், சரியான பாஸ்வேர்டுக்கும் கதவு திறக்காது. விதியைத் தளர்த்த வேண்டாம். பாஸ்வேர்டை ஒரு முறை புதிதாக வைத்தால் அது புதிய முறையில் பதிவாகிவிடும்.

ரோலுக்குப் பாஸ்வேர்ட் வைத்திருந்தும், இவை எதுவும் இல்லை என்றால்தான் பாஸ்வேர்ட் உண்மையிலேயே தவறு. எந்த விதி வரி பொருந்தியது என்றும் அதே ‘டீட்டெயில்’ பகுதி வரி எண்ணோடு சொல்லும். நீங்கள் திருத்திய வரி அதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாக்கரில் நிறுவியவர்களுக்கு

டாக்கரில் நிறுவினால் இந்த வேலைகளில் பல தானாக முடியும். ஆனால் மூன்று விஷயங்கள் புதிதாக வரும்.

முதலாவது, கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டுமே. லெட்ஜர்எஸ்எம்பி ஒரு கன்டெய்னரிலும் போஸ்ட்கிரெஸ் இன்னொன்றிலும் இருந்தால், முகவரியாகக் கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸுக்கு வைத்த சர்வீஸ் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கம்போஸ் ஃபைலில் எழுதுகிற போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட், டேட்டா வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஃபைலில் எத்தனை தடவை மாற்றினாலும் உள்ளே இருக்கிற பாஸ்வேர்ட் மாறாது. உள்ளே போய் எஸ்க்யூஎல் கட்டளையால்தான் மாற்ற வேண்டும். வால்யூமை அழித்தால் சரியாகிவிடும் என்று படித்திருப்பீர்கள். வால்யூமோடு கணக்கும் அழியும். பில்கள் ஏறிய பிறகு அந்தக் கட்டளையின் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவது, போஸ்ட்கிரெஸ் பதிப்பைக் குறிப்பிடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டுவிடுவது. ஒரு பெரிய பதிப்பு எழுதிய டேட்டா ஃபைல்களை அடுத்த பெரிய பதிப்பு அப்படியே திறக்காது. முறைப்படி மாற்ற வேண்டும். எனவே பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதிவையுங்கள்.

தமிழில் பெயர்கள், பாதியில் நின்ற கம்பெனி

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் எழுத விரும்புகிறவர்கள் டேட்டாபேஸ் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உருவாகியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். புள்ளியும் ஒரு குறிதான். ‘கண்ணன்’ என்பது திரையில் நான்கு எழுத்து போலிருந்தாலும் உள்ளே ஆறு குறி, 18 பைட். 2010-இல் யூனிகோடில் சேர்ந்த ரூபாய்க் குறி ₹ கூட மூன்று பைட்தான். உருவான பிறகு ஒரு டேட்டாபேஸின் குறியாக்கத்தை மாற்ற முடியாது. வெளியே எடுத்து, யுடிஎஃப்-8-இல் புதிதாக ஒன்று உருவாக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். முதல் பில்லுக்கு முன்பே பார்த்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

கம்பெனியை உருவாக்கும்போது நடுவில் நின்றுவிட்டால், அந்த அரைகுறை டேட்டாபேஸைக் காப்பாற்ற முயல வேண்டாம். இன்னும் கணக்கு எதுவும் எழுதவில்லை. அதை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு. அப்போது ரோல் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு செய்தி வந்து திகைக்க வைக்கும். ரோல்கள் ஒரு டேட்டாபேஸுக்குச் சொந்தமானவை அல்ல, சர்வர் முழுவதுக்கும் பொதுவானவை. டேட்டாபேஸ் போனாலும் மாலதி இருப்பார். பயனரைச் சேர்க்கும் இடத்தில் ஏற்கெனவே இருப்பவரை இறக்குமதி செய்யவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு செய்ய வேண்டியது

லாகின் ஆகிவிட்டது, முகப்புத் திரை வந்துவிட்டது. பெரும்பாலானோர் இங்கே வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி. பேக்கப் எடுத்து, அதைத் திருப்பி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ரோல்கள் சர்வருக்குப் பொதுவானவை என்றேன். அதனால் ஒரு டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தால் பில்கள், லெட்ஜர்கள் எல்லாம் வரும், ஆட்கள் வர மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க் போய், புதிய இயந்திரத்தில் அதை ஏற்றினால் கணக்கு முழுதாக இருக்கும், உள்ளே நுழைய ஒருவர்கூட இருக்க மாட்டார். அதனால்தான் லெட்ஜர்எஸ்எம்பியின் செட்டப் பக்கத்தில் டேட்டாபேஸுக்கு ஒரு பேக்கப், ரோல்களுக்கு இன்னொரு பேக்கப் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் எடுங்கள். இயந்திரத்துக்கு வெளியே வையுங்கள்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்றால் பேக்கப் வைப்பது விருப்பமல்ல, சட்டம். கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022-இல் வந்த திருத்தத்தின்படி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைக்கப்பட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு பதிவிலும் செய்த மாற்றத்தைத் தேதியோடு காட்டுகிற, அணைத்துவைக்க முடியாத தணிக்கைத் தடம் உள்ள மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். தேர்ந்தெடுத்த மென்பொருளும் பதிப்பும் இதற்கு ஏற்றவையா என்று உங்கள் ஆடிட்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ரோல், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று வைப்பதன் பலன் அப்போது புரியும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைகிற இடத்தில் எந்தத் தணிக்கைத் தடமும் உண்மை சொல்லாது.

எனவே ஒரே ஒரு வேண்டுகோள். முதல் பில்லை எழுதுவதற்கு முன்பு ஒரு சோதனைக் கம்பெனியை உருவாக்குங்கள். அதில் பத்துப் பதிவுகள் போடுங்கள். பேக்கப் எடுத்து, வேறொரு இயந்திரத்தில் ஏற்றி, கணக்கு எழுதப்போகிறவரின் பெயரிலேயே லாகின் செய்து, அந்தப் பத்துப் பதிவுகளும் இருக்கின்றனவா, டிரையல் பேலன்ஸ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக வந்த பிறகு உண்மைக் கணக்கைத் தொடங்குங்கள்.